காசல்ரீக்கு மேலே ஒரு மண் கட்டு

நோர்வூட் வீதியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. தேயிலை மலை ஏறி, கடைசி லயத்தையும் மாரியம்மன் கோயிலையும் தாண்டி, ஓடைச் சத்தம் கேட்கும் திசையில் போனால் இரண்டு சரிவுகளின் இடுக்கில் அந்தக் கட்டு நிற்கிறது. சிமெந்து இல்லை, கம்பி இல்லை. ஓடையை மறித்து மண்ணைக் கொட்டி, மிதித்து, இறுக்கி எழுப்பியது. மேலே நடந்தால் முப்பது முப்பத்தைந்து எட்டு; நடுவில் இரண்டு ஆள் உயரம். தண்ணீர் பக்கம் உருண்டைக் கற்கள் பதித்திருக்கிறது. மறுபக்கம் புல். அந்தப் புல்லை மாடு மேயவும் விடுவதில்லை, வேரோடு பிடுங்கவும் விடுவதில்லை. மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அதுதான் என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பெயர் எதுவும் எழுதிய பலகை கிடையாது. துரைமார் காலத்தில் ஸ்டோருக்குத் தண்ணீர் எடுக்கக் கட்டியது என்கிறார்கள். இப்போது அதன் குழாய் போவது லயங்களுக்கு.

ஞாயிற்றுக்கிழமை. பங்குனி முடிந்துகொண்டிருக்கிறது. பிரட்டு இல்லாத நாள் என்றாலும் ஏழு மணிக்கெல்லாம் ஆட்கள் ஏறி வருகிறார்கள். மம்பட்டி, அலவாங்கு, முள்ளு, தாச்சி, வெறும் உரச்சாக்கு, கவ்வாத்துக் கத்தி. மலையில் வேலை பார்க்கிற ஆயுதங்களேதான், இன்றைக்கு மட்டும் கணக்குப்பிள்ளை இல்லை, பெயர் போடுகிறவர் இல்லை. பெண்கள் இடுப்பில் படங்கு கட்டித்தான் வந்திருக்கிறார்கள். சேறு படும் வேலை. கோயில் சந்தாப் பணத்தில் வாங்கிய சீனியும் தேயிலைத்தூளும் ஒரு பையில் வருகின்றன. மேல் லயம், நடு லயம், கீழ் லயம், மூன்றிலிருந்தும் வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பது பேச்சு. சில வீட்டில் ஆண்கள் கொழும்பில் கடை வேலையில் இருக்கிறார்கள். அப்படி ஒரு வீட்டுக்காக அம்மாயி ஒருத்தி வந்திருக்கிறாள், பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு.

எதற்குக் கூடினார்கள் என்பது கட்டின் வெளிப்பக்கம், அடியில் தெரிகிறது. புல்லுக்கு நடுவே ஓர் இடம் மட்டும் வழக்கத்துக்கு மீறிப் பச்சையாக, கொழுத்து நிற்கிறது. அங்கே கால் வைத்தால் பொதுக்கென்று உள்ளே போகிறது. பக்கத்தில் விரல் தடிமனில் ஒரு கசிவு. கறுத்து மெலிந்த பெரியவர் ஒருவர் அதன் முன்னே குந்தியிருக்கிறார். இவரைத் தண்ணித் தாத்தா என்கிறார்கள்; பல வருடமாகக் குழாய் திறந்து மூடுகிறவர். கையில் ஒரு வெறும் சோடாப் போத்தல். கசிவின் வாயில் அதைச் சாய்த்துப் பிடித்து நிரப்புகிறார். நிரப்பிவிட்டு ஒன்றும் பேசாமல் ஒரு கல்லின் மேல் வைக்கிறார். எல்லோரும் காத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் போத்தலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார். அடியில் மெல்லிய மஞ்சள் படிந்திருக்கிறது.

“போன மாசம் தெளிவாத்தான் வந்துச்சு. இப்ப மண்ணு வருது.”

மண் அணையைப் பற்றி அறிய வேண்டியதில் பாதி அந்தப் போத்தலில் இருக்கிறது. மண் கட்டு கொஞ்சம் கசியத்தான் செய்யும், கசிவதால் குற்றமில்லை. தெளிந்த நீர் வந்தால் மண் தன் இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கலங்கி வந்தால் கட்டின் வயிற்றுக்குள்ளிருந்து மண் துகள் துகளாக வெளியேறுகிறது, உள்ளே ஒரு பொந்து நீண்டுகொண்டிருக்கிறது. நண்டு வளையோ, எலி வளையோ, செத்துப்போன மரத்தின் வேர் விட்ட ஓட்டையோ, ஏதோ ஒன்று அதற்குத் தொடக்கம். அந்தப் பொந்து நீர்ப்பக்கத்தைத் தொட்டுவிட்டால் பிறகு சில மணி நேரம்தான். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி விடியப்போகும் இருட்டில் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அது மன்னர் காலத்துப் பெருங்குளம், அதன் கட்டும் மண்தான். இந்தச் சின்னக் கட்டுக்கு நேர் கீழே இருப்பது கீழ் லயம்.

ஓர் இளைஞன் சிமெந்துப் பை ஒன்றைத் தோளில் சுமந்து வந்திருக்கிறான். நல்ல மனசோடுதான்; தன் காசில் வாங்கியதாம். ஓட்டையின் வாயில் கலவையை அடித்து மூடிவிடலாம் என்கிறான். பெரியவர் தலையை ஆட்டுகிறார்.

“தம்பி, வெளிய அடைச்சா அது உள்ளுக்குள்ள வேற வழி தேடும். வர்ற எடத்துல வரட்டும். உள்ள போற எடத்தப் புடிக்கணும்.”

பொறியியல் படித்தவர்களும் இதையேதான் சொல்வார்கள். வெளிவாயை மூடினால் கட்டுக்குள் நீரின் அழுத்தம் ஏறும். அணை இன்னும் பலவீனமாகும். உள்பக்கத்தில், தண்ணீர் நுழையும் இடத்தில் களியை வைத்து நிறுத்த வேண்டும். வெளிப்பக்கத்தில் முதலில் மணல், அதன்மேல் சிறு கல், அதற்கும் மேல் பெருங்கல் என்று பரப்பி, நீர் வரட்டும் ஆனால் மண் வரக்கூடாது என்று தடுக்க வேண்டும். பையன் முகம் சற்றுச் சுருங்குகிறது. பெரியவர் அவனை விடவில்லை. அந்த மணல் வேலையை அவன் கையிலேயே கொடுக்கிறார். சிமெந்துப் பை கோயில் சுவருக்கு உதவும் என்று யாரோ தூக்கி ஓரமாக வைக்கிறார்கள்.

முதல் நாளே துருசைத் திறந்து தண்ணீரை இறக்கியிருக்கிறார்கள். குளத்தின் ஓரத்தில் ஈரமான சேற்று வளையம். நண்டு வளை அங்கேதான் அகப்படுகிறது, பதித்த கற்கள் இரண்டு பெயர்ந்து கிடக்கிற இடத்தில். கை நுழைகிற அகலம். ஒரு பையன் நீளக் கம்பை விட்டுப் பார்க்கிறான். கம்பு முழுக்கப் போகிறது. பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி வாயில் கை வைத்துக்கொள்கிறாள். அவளுடைய வீடு கீழ் லயத்தின் முதல் காம்பிரா.

வளை போகிற தடத்தைப் பிடித்துக் கட்டை மேலிருந்து வெட்டுகிறார்கள். நேராக வெட்டவில்லை; படி படியாக வெட்டுகிறார்கள், புது மண் பழைய மண்ணோடு பிடித்துக்கொள்ளும்படி. களிமண் கீழே பாதை வெட்டிய இடத்திலிருந்து வருகிறது, செம்மஞ்சள் நிறம். பெண்கள் கொழுந்துச் சாக்கைச் சுமக்கிற மாதிரியே தலையில் கயிறு மாட்டி, முதுகில் தாங்கி, அதைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். கொட்டிய எல்லாமே ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. பெரியவர் ஒரு பிடி எடுத்து, கல் பொறுக்கி, எச்சில் அளவு நீர் விட்டுப் பிசைந்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டுகிறார். பென்சில் தடிமனுக்கு நீளும்வரை உருட்டி, அதை வளைத்து மோதிரம்போல் நுனி சேர்க்கிறார். உடையாவிட்டால் சரி. விரிசல் விட்டால் மணல் அதிகம். அந்தச் சாக்கு வெளிப்பக்கத்துக்கு. ஒரு சாக்கு அப்படித் திரும்புகிறது. சுமந்து வந்தவள் முனகவில்லை, திருப்பிப் போட்டுவிட்டு அடுத்ததற்கு இறங்குகிறாள்.

பிறகு மிதி. வெட்டிய குழிக்குள் அரைச் சாண் கனத்துக்குக் களியைப் பரப்பி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, நான்கைந்து பேர் இறங்கி மிதிக்கிறார்கள். குதிகாலை ஊன்றி, ஓர் அடி நகர்ந்து, மறுபடியும் ஊன்றி. களி விரல் இடுக்கில் பிதுங்கி வருகிறது. குதிகால் இறங்காமல் நின்றால்தான் அடுத்த அடுக்கு. அவசரப்பட்டுக் கனமாகப் போட்டால் மேலே இறுகும், அடியில் இளகியே கிடக்கும். அம்மாயிகூட இறங்கிவிட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிய அவள் காலில் நரம்பு முடிச்சு முடிச்சாக இருக்கிறது. ஐம்பது வருடம் மலை ஏறி இறங்கிய கால். “நீங்க மேல நில்லுங்க அம்மாயி” என்று சிறுசுகள் சொல்வதைக் காதில் வாங்கவில்லை. அவள் மிதிக்கிற மிதியில் ஒரு தாளம் இருக்கிறது. மற்றவர்கள் தெரியாமலே அதற்குள் வந்துவிடுகிறார்கள்.

அந்தக் கால்களைப் பார்க்கையில் அவை வந்த ஊர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சி, சேலம். கண்மாயும் ஏரியுமாக இருந்த சீமைகள். குளத்துக் கரையை ஊரே கூடி மராமத்துப் பார்ப்பதற்குக் குடிமராமத்து என்று பெயர் வைத்திருந்த இடங்கள். மழை பொய்த்து, கண்மாய் வறண்டு, பஞ்சம் வந்தபோதுதான் இவர்களின் பாட்டன் பூட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கி நடந்தார்கள், முதலில் கோப்பிக்கு, பிறகு தேயிலைக்கு. அந்த வருகையின் 200 ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி நடந்தார்கள். குளம் வெட்டத் தெரிந்த சனங்களைக் கொண்டுவந்து காடு வெட்டவும் கான் வெட்டவும் விட்டார்கள் என்பதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். அந்தத் தெரிதல் கைமாறிக் கைமாறி இந்த மலைக்கு வந்ததா, இங்கேயே புதிதாகக் கற்றதா என்று எந்தத் தோட்டத்துப் புத்தகத்திலும் பதிவு இருக்காது. பதிவில் கொழுந்தின் நிறைதான் இருக்கும்.

தேத்தண்ணி நேரம். எல்லோரும் கட்டின் மேல் வரிசையாக உட்கார்கிறார்கள், ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். உட்கார்ந்த இடத்திலிருந்து கீழே காசல்ரீ நீர்த்தேக்கம் முழுவதுமாகத் தெரிகிறது. கோடையில் நீர் இறங்கி, கரையைச் சுற்றிச் செம்மண் பட்டை அகலமாக விழுந்திருக்கிறது. இந்த ஓடைகளில் மின்சாரம் இருக்கிறது என்று 1918இலேயே எழுதி வாசித்தவர் பொறியியலாளர் விமலசுரேந்திர. அவர் சொன்னதைக் கேட்க ஆட்சிக்கு வெகுகாலம் பிடித்தது. பழைய லக்சபான 1950இல்தான் ஓடத் தொடங்கியது. கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ 1965இல் வந்தது. அதன் நீரில் நோட்டன் பிரிட்ஜில் இயங்கும் மின்நிலையத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1969இல் மஸ்கெலிய ஓயாவில் மவுசாகலை. அதற்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயில் இன்றும் வெளியே தெரிகிறது, சனம் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறது.

இந்தக் குளத்திலிருந்து வழிகிற நீர் ஓடையாக இறங்கிக் காசல்ரீயில் சேருகிறது. அங்கிருந்து நோட்டன், லக்சபான, பொல்பிட்டிய என்று சுரங்கத்திலும் குழாயிலும் விழுந்து விழுந்து விளக்கெரித்து, களனி ஆறாகி, அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்பின் குழாய்களில் வருகிறது. கொழும்பில் கடை வேலை பார்க்கிற இந்த லயத்துப் பையன்கள் அங்கே குழாயைத் திருகிக் குடிப்பதில் தங்கள் ஊர்த் தண்ணீரும் கலந்திருக்கும். அவர்களுடைய அம்மாமார் இங்கே அதே தண்ணீரை மண்ணை மிதித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் குழாய். கோடையில் அதுவும் ஒரு நேரம். பிறகு பீலிக்குப் போக வேண்டும், வாளியும் கேனும் சில்வர் குடமுமாக.

மண்ணால் கட்டியதெல்லாம் ஏழைக்கட்டு என்று நினைக்க வேண்டாம். நுவரெலியாவின் கிரகரி வாவி, படகு விடுகிறார்களே, குதிரை ஓட்டுகிறார்களே, அதுவும் சதுப்பு நிலத்து ஓடையை மறித்து 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி உண்டாக்கியதுதான். 1913இல் அதன் நீரைச் சுரங்கம் வழியே திருப்பி, நானுஓயாவுக்குப் போகும் வழியில் பிளாக்பூலில் மின்சாரம் எடுத்தார்கள். அந்த வாவியைத் தூர்வாரவும் கரையைப் பேணவும் நகரமும் அரசும் இருக்கின்றன. இந்தக் கட்டுக்கு இருப்பது இந்த ஞாயிற்றுக்கிழமை.

ஏன் அப்படி என்பதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இருந்தது. நிலம் அரசுடையது; 1992இலிருந்து குத்தகைக் கம்பனிகளின் நிர்வாகம். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவிட வழிவிடாமல் நின்றது. வாக்குக் கேட்கத் தோட்டத்துக்குள் வரலாம், தெருவும் கிணறும் போட வர முடியாது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். திருத்தம் வந்த பிறகும் இந்த மலை உச்சிவரை ஒரு குழாய் வந்து சேர எத்தனை கடிதம், எத்தனை கையொப்பம் என்று கட்டின் மேல் உட்கார்ந்திருக்கிற தோட்டத் தலைவர் விரல் மடக்குகிறார். அவர் பேச்சில் கோபம் இருக்கிறது. கோபத்தோடேயே எழுந்து மறுபடியும் சாக்கைப் பிடிக்கிறார்.

குளத்துக்கு மேலே ஒரு துண்டுக் காடு இருக்கிறது. இயற்கைக் காடு, பாசி பிடித்த மரங்கள். ஓடை அங்கேதான் பிறக்கிறது. அட்டன் நகருக்கே குடிநீர் சிங்கமலைக் காட்டின் ஊற்றுகளிலிருந்து வருகிறது. யாராவது அந்தக் காட்டுக்குத் தீ வைத்தால் நகரமே தண்ணீரை நினைத்துப் பதறும். இங்கே அந்தக் காட்டுக்கும் குளத்துக்கும் நடுவில் ஒரு தேயிலைத் துண்டு புகுந்திருக்கிறது. அதன் கான்கள் எல்லாம் குளத்தை நோக்கித்தான் இறங்குகின்றன. புல்லு மருந்து அடித்த பிறகு மழை பெய்தால் அது எங்கே போகும் என்று கேட்கத் தேவையில்லை. பெண்கள் கேட்டிருக்கிறார்கள். அந்தத் துண்டுக்கு மட்டும் மருந்து வேண்டாம், கையால் பிடுங்கிவிடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்களாம். இப்போதைக்கு அந்த ஓரத்தில் மருந்து அடிப்பதில்லை. அது வாய்ச்சொல் ஏற்பாடு. அடுத்து வருகிற துரைக்கு அது தெரியுமா என்பது வேறு.

பிற்பகலில் குழி நிரம்பிவிட்டது. மேலே புல்லுக்கட்டிகளைக் கவ்வாத்துக் கத்தியால் சதுரம் சதுரமாக அறுத்து வந்து ஒட்டுகிறார்கள். வெளிப்பக்க அடியில் அந்த இளைஞன் மணலும் கல்லும் அடுக்கி முடித்துவிட்டான், ஒழுங்காகவே செய்திருக்கிறான். பெரியவர் அதைக் காலால் அழுத்திப் பார்த்து ‘ம்’ என்கிறார்.

சச்சரவு அதற்குப் பிறகுதான் வருகிறது. கட்டின் ஓரத்தில், கெட்டிப் பாறையில் வெட்டிய வான் இருக்கிறது. குளம் நிரம்பினால் மிஞ்சிய நீர் அதன் வழியே வெளியேறும். தை மாதம் தண்ணீர் குறைந்தபோது யாரோ அந்த வானின் வாயில் மண் மூட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். ஒரு முழம் நீர் கூடுதலாக நிற்கும், கோடைக்கு உதவும். உதவியும் இருக்கிறது. இப்போது சித்திரை மழை அந்தி நேரத்தில் இடியோடு கொட்டத் தொடங்கும். மூட்டைகளை எடுக்க வேண்டும் என்கிறார் பெரியவர்.

“ஒரு மழையப் புடிச்சிட்டு எடுப்போமே தாத்தா” என்கிறாள் மேல் லயத்துப் பெண். அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. குழாயின் கடைசித் தண்ணீர் ஏறுகிற லயம் அவளுடையது. குளத்தில் மட்டம் குறைந்தால் முதலில் நிற்பது அந்தக் குழாய்தான். வீட்டில் கைக்குழந்தை.

“புது மண்ணு இன்னும் காயல. இப்ப நெறைச்சா நம்ம இன்னிக்கு மிதிச்சதெல்லாம் தண்ணியில.”

கந்தளாய் உடைந்தது கசிவில் என்றால், வேறு பல மண் கட்டுகள் உடைந்தது நீர் மேலேறி வழிந்ததில். கல்லால் கட்டிய அணைமேல் நீர் வழியலாம். மண் கட்டின் மேல் ஒரு சாண் நீர் வழிந்தால் புல்லைக் கிழித்து, மண்ணை அறுத்து, வெட்டிக்கொண்டே இறங்கும். மழை ஊறிய மண் என்ன செய்யும் என்பது இவர்களுக்குத் தெரியும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை இங்கே யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயல் மலையகத்தில் எத்தனை சரிவுகளை அறுத்துவிட்டுப் போனது என்பதைப் பக்கத்து மலையின் செம்மண் தழும்பு காட்டிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் தண்ணீர் இல்லாத வீட்டில் இருப்பவளுக்கு இன்றைய குடம்தான் பெரிது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

குரல்கள் ஏறுகின்றன. மேல் லயம் ஒரு பக்கம், கீழ் லயம் ஒரு பக்கம், நடு லயம் இரண்டையும் பார்த்துக்கொண்டு. தலைவர் சமாதானம் பேசப் பார்க்கிறார், எடுபடவில்லை. நண்டு வளையைப் பார்த்து வாயில் கை வைத்தவள், கீழ் லயத்து முதல் காம்பிராக்காரி, இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது பேசுகிறாள், மேல் லயத்துப் பெண்ணைப் பார்த்து.

“அக்கா, ஒங்க லயத்துக்கு ரெண்டு வாரத்துக்கு நாங்க தூக்கித் தர்றோம். எங்க குழாயில வர்ற தண்ணி. வீட்டுக்கு ரெண்டு கேன். மூட்டைய எடுத்துருங்க.”

யார் தூக்குவது, எந்த நேரத்தில், மேட்டில் ஏறிப் போக எத்தனை பேர் என்று உடனே கணக்குப் பேசத் தொடங்குகிறார்கள். பெரிய வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி பாடசாலைக் கொப்பியின் கடைசித் தாளைக் கிழித்துப் பெயர் எழுதுகிறாள். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் முடியாது, அந்தியில்தான். கொழுந்து நிறுத்து வருவதற்கு நேரமானால்? அப்போது பிள்ளைகள் ஒரு கேன். மேல் லயத்துக்காரி இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. இரண்டு கேன் போதாது, துணி துவைக்க வேண்டும் என்கிறாள். துணிக்குப் பீலி என்கிறார்கள். பீலிக்கு இருட்டில் எப்படிப் போவது, அந்தப் பாதையில் படிக்கட்டு இரண்டு திட்வாவில் போய்விட்டதே என்கிறாள். அதுவும் சரிதான். அப்படியானால் அடுத்த ஞாயிறு படிக்கட்டு என்று தலைவர் சொல்ல, அந்தச் சிமெந்துப் பையை யார் எங்கே வைத்தது என்று இளைஞன் தேடத் தொடங்குகிறான். பேச்சு அங்கே நடந்துகொண்டிருக்கும்போதே பெரியவரும் இரண்டு பையன்களும் வானின் வாயில் இறங்கி முதல் மூட்டையைப் புரட்டிவிட்டார்கள்.